உள்ளங்கைத் திட்டும் தை மாதக் கல்யாணமும்

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறேன். வயது 28. ஆடி மாதம் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு வெளியூர் போன இடத்தில் ஒரு பெண்ணுடன் ஓர் இரவு தங்கினேன். ஆணுறை அணியவில்லை. மூன்று வாரம் கழித்து உறுப்பில் ஒரே ஒரு புண் வந்தது. வலி துளியும் இல்லை. மருந்துக் கடையில் சொன்னேன். உடம்புச் சூடு என்று மூன்று மாத்திரையும் ஒரு களிம்பும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. இப்போது பத்து நாளாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. அரிப்பு இல்லை. பூச்சி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் கூட வேலை செய்யும் அண்ணன். தை மாதம் எனக்குக் கல்யாணம், மாமன் மகள்தான் பெண். அந்தப் புண்ணுக்கும் இந்தத் திட்டுக்கும் தொடர்பு உண்டா? சேலம் பஸ் நிலையத்துச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரைப் போய்ப் பார்க்கலாமா? ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது. (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தம்பி,

தொடர்பு உண்டு. கையைப் பார்க்காமல், ரத்தத்தைச் சோதிக்காமல் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள். உறவு கொண்ட மூன்றாவது வாரத்தில் வலியில்லாத ஒற்றைப் புண். அது தானாக ஆறுகிறது. சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செம்பு நிறத் திட்டு. இது சிபிலிஸ் நோயின் வரிசை. மற்றதைப் படிக்கும்போது உங்கள் மனம் ஒரு நிலையில் இருக்க வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு தடவை ஊசி போட்டால் குணமாகிற நோய் இது. தைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நம் ஊரில் இதற்குப் பழைய பெயர்கள் உண்டு. கிரந்தி என்பார்கள், மேகப்புண் என்பார்கள், பறங்கியர் கொண்டு வந்தது என்று நம்பிப் பறங்கிப்புண் என்றும் சொன்னார்கள். நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை என்று ஒரு கிழங்கு விற்கிறார்களே, அது இந்த நோய்க்குக் கொடுத்து வந்த மருந்துதான். நோய்க்குக் காரணம் ஒரு கிருமி, திருகாணி போல் சுருண்டிருக்கும். 1905-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். உடலுறவின்போது தோலிலோ உள்சவ்விலோ ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக உள்ளே நுழைகிறது. நுழைந்த பத்து நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், நுழைந்த இடத்திலேயே புண் வருகிறது. விளிம்பைத் தொட்டால் தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்தது போலக் கெட்டியாக இருக்கும். கவட்டில் நெறி கட்டியிருக்கும், அதுவும் வலிக்காது. வலி இல்லாததால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நம் மனதில் நோய் என்றால் வலிக்க வேண்டும். வலிக்காத புண்ணுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வர யாருக்கு மனம் வரும்?

மாத்திரையால் ஆறியது என்று நினைக்கிறீர்கள். அந்தப் புண் எந்த மருந்தும் போடாவிட்டாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆறிவிடும். அதன் இயல்பே அப்படி. வெளியே புண் மூடும் நேரத்தில் கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவிவிட்டிருக்கும். இப்போது உங்கள் உள்ளங்கையில் இருப்பது அந்தப் பரவலின் அடையாளம் என்றே நினைக்கிறேன்.

பூச்சி மருந்தாக இருக்குமோ என்று கேட்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். பல ஆண்டுகளுக்கு முன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு மாதமாக அமிலம் பட்ட அலர்ஜி என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தவர். விரல் நுனியெல்லாம் மெருகு போடும் கறுப்பு ஏறியிருந்தது, சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. கையை மேசை விளக்கின் கீழே வைக்கச் சொன்னேன். ரேகைகளுக்கு நடுவே பருப்பளவில், பழைய செப்புக் காசின் நிறத்தில் ஏழெட்டுத் திட்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய தோல் வெள்ளையாக உரிந்து வளையம் போலத் தெரிந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை என்றார். செருப்பைக் கழற்றுங்கள் என்றேன். எதற்கு டாக்டர், கைக்குத்தானே வந்தேன் என்றார். கழற்றினார். குதிகாலுக்கு முன்னால், உள்ளங்காலின் குழிவில் அதே நிறம், அதே வளையம். அமிலம் கையில் படும். காலுக்கு அடியில் எப்படிப் போகும்? ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், சிபிலிஸ் என்று உறுதியானது.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மருந்து தெளித்திருந்தாலும் காலில் பூட்ஸ் இருந்திருக்கும். உள்ளங்காலில் திட்டு வர அந்த மருந்து காரணமாக இருக்க முடியாது. ஒவ்வாமை என்றால் அரித்துக் கொல்லும். உங்களுக்கு அரிக்கவில்லை. நாளைக் காலை வெளிச்சத்தில் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். வாய்க்குள், உதட்டின் உட்புறம், நாக்கு ஓரத்தில் வெள்ளையாகப் படலம் இருக்கிறதா? தலையில் அங்கங்கே பூச்சி அரித்தது போல முடி கொட்டியிருக்கிறதா? ஆசனவாயைச் சுற்றிச் சதை தட்டையாகத் தடித்து ஈரமாக இருக்கிறதா? முழங்கைக்கு மேல், கழுத்துப் பின்புறம் நெறி கட்டியிருக்கிறதா? மாலையானால் மெல்லிய காய்ச்சல், உடம்பு அசதி? எல்லாம் இருக்க வேண்டும் என்பதில்லை. இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. இந்தத் திட்டும் தானாக மறையும். அனேகமாகக் கல்யாணத்துக்கு முன்பே மறைந்துவிடும். அப்போது நீங்கள் "எல்லாம் போய்விட்டது" என்று நிம்மதியாக மணவறையில் உட்காருவீர்கள். நோய் போயிருக்காது, மறைந்துகொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். ரத்தத்தைச் சோதித்தால் மட்டும் தெரியும். பத்து, இருபது ஆண்டு கழித்துச் சிலருக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயை வீங்க வைக்கிறது, சிலருக்கு மூளையையும் தண்டுவடத்தையும் அரிக்கிறது. கண்ணையும் காதையும் எந்தக் கட்டத்திலும் தாக்கலாம். உங்களுக்கு இப்போது பார்வை மங்கினாலோ, காது திடீரென மந்தமானாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்குச் சிகிச்சை வேறு, ஒரு ஊசியில் முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், கல்யாணம் பேசி வைத்திருக்கிறீர்கள் என்பதால். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பிரசவ வார்டில் ஒரு பெண் சேர்ந்திருந்தார். மூன்றாவது கர்ப்பம். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. இரண்டாவது பிறந்து நான்கே நாள். பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்தார். ஒன்றொன்றாக விரித்துப் பார்த்தேன். ஸ்கேன் இருந்தது, சத்து மாத்திரைச் சீட்டு இருந்தது, திருநீறு மடித்த காகிதம்கூட இருந்தது. ரத்தத்தில் சிபிலிஸ் பரிசோதனை செய்த சீட்டு மட்டும் ஒன்றுமே இல்லை. சாபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், மாமியார் வீட்டில் அவரைத்தான் குறை சொன்னார்கள். அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் தெரிந்தது. ஊசி போட்டோம், கணவரையும் அழைத்துப் போட்டோம். மூன்றாவது குழந்தை நன்றாகப் பிறந்தது. கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பு எப்போதோ ஒரு புண் வந்து ஆறியிருக்கிறது. "அதுதான் ஆறிப்போச்சே டாக்டர்" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண் ஒரு தவறும் செய்யாமல் இரண்டு குழந்தைகளைப் புதைத்தார். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இப்போது எச்.ஐ.வி.யோடு சேர்த்துச் சிபிலிசுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்பது அரசின் விதி. இதைப் படிக்கும் பெண்கள் உங்கள் கர்ப்ப அட்டையில் அந்தப் பரிசோதனை எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

இனி சிகிச்சை. பென்சிலின் ஊசி. 1943-ல் முதன்முதலாகச் சிபிலிசுக்குப் பென்சிலின் கொடுத்துக் குணம் கண்டார்கள், இன்று வரை அந்தக் கிருமிக்குப் பென்சிலினை எதிர்த்து நிற்கத் தெரியவில்லை. எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துகளை ஏமாற்றிவிட்ட காலத்தில் இதை நான் ஒரு பெரும் பாக்கியமாக நினைக்கிறேன். பென்சதைன் பென்சிலின் என்ற வகை, 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. பாதியை ஒரு பக்கப் புட்டத்திலும் மீதியை மறுபக்கத்திலும் போடுவார்கள். மருந்து கெட்டியாக இருக்கும், வலிக்கும், இரண்டு நாள் ஜீப் இருக்கையில் உட்காருவது கஷ்டமாக இருக்கும். நோய் பிடித்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று தடவை போட வேண்டும். உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

முன்பு எப்போதாவது பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததோ மூச்சு முட்டியதோ உண்டா? இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு வாரம் கொடுப்பார்கள். ஒரு வேளையும் தவறக் கூடாது. ஊசி போட்ட அன்று இரவு குளிர்க்காய்ச்சல், தலைவலி, திட்டு இன்னும் சிவப்பது எல்லாம் வரலாம். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது வருகிற காய்ச்சல் அது. பாரசிட்டமால் போதும், ஒரு நாளில் அடங்கும். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அடுத்த பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறினால் அது வேறு. அதனால்தான் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வைப்பார்கள். அவசரப்பட்டு எழுந்து வராதீர்கள்.

ரத்தத்தில் பார்ப்பது வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற பரிசோதனை. முடிவை 1:32 என்பது போல எழுதுவார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாதங்களில் மீண்டும் பார்க்கும்போது அந்த எண் இறங்க வேண்டும். 32 என்பது எட்டுக்கோ அதற்குக் கீழேயோ வந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. டி.பி.எச்.ஏ. என்று இன்னொரு பரிசோதனை உண்டு. அது ஒரு தடவை பாசிட்டிவ் ஆனால் குணமான பிறகும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அப்படியே காட்டும். வளைகுடா வேலைக்கு மருத்துவப் பரிசோதனை செய்யப்போய், அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் மறுபடியும் ஊசி போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். எண் இறங்கியிருக்கிறதா என்பதே கணக்கு. அதற்குத்தான் பழைய தாள் வேண்டும்.

இதோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிபிலிஸ் புண் இருக்கும் இடம் எச்.ஐ.வி. நுழைவதற்குத் திறந்து வைத்த கதவு. ஆடியில் நடந்தது, இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது, ஆகவே வருகிற முடிவை நம்பலாம். அதே ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி-யும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்று வந்தால் அதற்குத் தடுப்பூசி மூன்று தவணை உண்டு, போட்டுக்கொள்ளுங்கள். ரகசியமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று ரத்ததான முகாமில் போய்க் கை நீட்ட மட்டும் வேண்டாம். தொற்றிய புதிதில் பரிசோதனையில் பிடிபடாத நாட்கள் உண்டு, அந்த ரத்தம் இன்னொருவர் உடம்புக்குப் போகும்.

எங்கே போவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். புறநோயாளர் சீட்டு போடும் இடத்தில் "தோல் பிரிவு" என்று சொன்னால் போதும், பால்வினை நோய்க்கு எங்கே காட்டுவது என்று அங்கேயே சொல்வார்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் படர்தாமரைக்கு வந்திருப்பார், பின்னால் நிற்பவர் முடி கொட்டுகிறது என்று வந்திருப்பார். உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். ரத்தம் எடுப்பதற்கு முன்பு ஆலோசகர் தனியறையில் உட்கார வைத்துப் பேசுவார். உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவைப் பொதுவாக வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. இது அவர்களுடைய கருணை கிடையாது, 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தோட்டத்து முதலாளி கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லாத எண், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

லாட்ஜ் வைத்தியரிடம் போக வேண்டாம். மாதம் ஒரு தேதியில் அறை எடுத்து, பத்துப் பேரைப் பார்த்து, ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடி கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் விற்பது உங்கள் பயத்தை. ரத்தம் பார்க்காமல் சிபிலிசுக்கு வைத்தியம் செய்கிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். இந்த ஊசி வேலை செய்தால் செய்கிறது, இல்லையென்றால் இல்லை. எண்ணில் தெரிந்துவிடும். பொடிக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

"சூடு" என்ற சொல்லைப் பற்றியும் இங்கே பேசிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் அந்தச் சொல் இருக்கிறது. சேலத்து வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் நீர்க்கடுப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் உறவுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் உறுப்பிலிருந்து மஞ்சளாகச் சீழ் வடிந்து, சிறுநீர் போகும்போது நெருப்பாக எரிந்து, உள்ளாடையில் கறை படிந்தால் அது சூடு இல்லை, கொனோரியா, நம் பெரியவர்கள் வெட்டை என்று சொன்னது. இளநீரும் வெந்தயமும் அதைத் தீர்க்காது. மருந்துக் கடையில் பழக்கமாக எடுத்துக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு அந்தக் கிருமி எப்போதோ பழகிவிட்டது. அதற்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ செஃபிக்சிம் மாத்திரையோ வேண்டும், கூடவே அசித்ரோமைசின். இரண்டாவது மருந்து எதற்கென்றால், கொனோரியாவோடு பல நேரம் கிளமிடியா என்ற கிருமியும் சேர்ந்தே வரும். கிளமிடியா சத்தமே போடாது. ஆணுக்கு காலையில் ஒரு சொட்டு நீர் போல் வரும், லேசாக எரியும், அவ்வளவுதான். பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. தெரியாமலே கருக்குழாய்க்கு ஏறி அதை அடைத்துவிடும். குழந்தையில்லை என்று கோவில் கோவிலாக ஏறி இறங்கும் சில தம்பதிகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் இந்த நோய்களுக்கு நிறம் வைத்த மருந்துப் பெட்டிகள் உண்டு. சீழ் வடிவதற்குச் சாம்பல் நிறம், உங்களைப் போல் புண் வந்தவர்களுக்கு வெள்ளை நிறம். மருந்துக் கடைக்காரர் தம் பங்குக்கு மூன்று மாத்திரை கொடுத்தார். கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஆனால் புண்ணைப் பார்க்காமல் கொடுத்தார்.

கொத்தாகச் சிறு கொப்புளம் வந்து உடைந்து, தொட்டால் உயிர் போகிறது என்றால் அது ஹெர்பிஸ். ஆசைக்ளோவிர் மாத்திரை வேகத்தைக் குறைக்கும், வேரோடு போகாது, அவ்வப்போது திரும்பி வரும். வலிக்காத மருக்கள் காலிஃபிளவர் போல முளைத்தால் அது எச்.பி.வி. வைரஸ். மருத்துவர் உறைய வைத்தோ மருந்து தொட்டு வைத்தோ நீக்குவார். பிளேடால் நறுக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் இல்லை. தயிர் போல் திரண்டு அரிப்பது பெரும்பாலும் காளான் தொற்று, அதற்கும் நடத்தைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பச்சை கலந்த மஞ்சளாக, நுரையாக, வாடையோடு வந்தால், அடிவயிறு வலித்தால், உறவின்போது வலியோ ரத்தமோ இருந்தால் காட்ட வேண்டும். அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் ஓராண்டில் ஆறு தடவை மருந்து சாப்பிட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் குணமாகி மறுபடியும் வந்தது. கணவருக்கு ஒரு தடவைகூட யாரும் மருந்து கொடுக்கவில்லை. ஏழாவது தடவை இருவருக்கும் ஒரே நாளில் கொடுத்தேன், நின்றுவிட்டது. ஒருவருக்கு மட்டும் பார்க்கும் வைத்தியம் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

அதனால்தான் உங்களிடம் ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறேன். ஆடிக்குப் பிறகு வேறு யாருடனாவது உறவு உண்டா? நிச்சயமான பெண்ணோடு நெருக்கம் உண்டா? வாயில் படலம் இருக்கும் கட்டத்தில் முத்தத்தால்கூடத் தொற்றலாம். இருந்தால் அவரும் பரிசோதித்து ஊசி போட வேண்டும், முடிவு இப்போது இல்லை என்று வந்தாலும்கூட. ஆடியில் சந்தித்த அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ள வழியிருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். பழி சொல்வதற்காக இல்லை. பெண்ணுக்கு அந்தப் புண் உள்ளே வந்தால் கண்ணில் படாது. தனக்கு நோய் இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவரும் ஒரு நோயாளி, அவருக்கும் நாளை ஒரு குழந்தை பிறக்கலாம்.

கல்யாணத்தைத் தள்ளிப் போட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஊசி போட்டு, திட்டெல்லாம் முழுக்க மறைந்து, குறைந்தது இரண்டு வாரம் ஆன பிறகு உங்களால் மனைவிக்குச் சிபிலிஸ் தொற்றாது. இந்த வாரமே போட்டுக்கொண்டால் தைக்குள் எல்லாம் தாராளமாக முடியும். ஆனால் மூன்றாவது மாத ரத்தப் பரிசோதனை கல்யாணத்தை ஒட்டி வரும். மறுவீடு, விருந்து என்று அதைத் தவறவிடாதீர்கள். எண் இறங்கியது தெரியும் வரை ஆணுறை அணிவதும், குழந்தையைத் தள்ளிப் போடுவதும் நல்லது. அப்படிச் செய்யும்போது மனைவி காரணம் கேட்பார். சொல்வதா வேண்டாமா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. என் அனுபவத்தில், தானாகச் சொன்ன கணவர்களின் வீட்டில் ஒரு மாதம் அழுகை இருந்தது. மருந்துச் சீட்டு அலமாரியில் அகப்பட்டுத் தெரிந்துகொண்ட வீடுகளில் அது ஆண்டுகள் நீண்டது.

எச்.ஐ.வி. இருப்பதாக ஒருவேளை வந்தால் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கல்யாணத்துக்கு முன் பெண்ணிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்படி வந்தாலும் வாழ்க்கை முடிந்ததாக நினைக்காதீர்கள். கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, தினமும் சாப்பிட்டால் முழு ஆயுள் வாழலாம், ரத்தத்தில் வைரஸ் அளவு தெரியாத நிலைக்குக் குறைந்தால் உறவில் மற்றவருக்குத் தொற்றாது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருந்த காலத்தில் நீங்கள் சிறுபையன். அந்தக் கேள்வி கிண்டலாகிப்போனது, பெயருக்கே பயந்து பரிசோதனைக்கு வராமல் இருந்தவர்கள் உண்டு. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டப் போன எத்தனையோ இளைஞர்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார்கள். அன்று மருந்து எளிதில் கிடைக்கவில்லை. இன்று கிடைக்கிறது. தாமதத்துக்கு இன்று ஒரு காரணமும் இல்லை.

வீட்டில் தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம். கழிப்பறையால், துண்டால் பரவும் என்று அம்மாவிடமிருந்து ஒதுங்கி இருக்க வேண்டாம். ஊசி போட்டு, திட்டு மறைந்து, இரண்டு வாரம் ஆகும் வரை உடலுறவும் முத்தமும் மட்டும் கூடாது.

கார்த்திகையில் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் உங்களுக்கு ஒரு நாள் விடுப்பும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த வாரத்திலேயே ஒரு நாள் ஜீப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் இறங்குங்கள். அன்று நீங்களே ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், ஊசி வலியோடு இருபது கொண்டை ஊசி வளைவை ஏறுவது கஷ்டம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றில் ஊசி போட்டால் சிலருக்குத் தலை சுற்றும். மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரையின் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். மருத்துவர் கையை மட்டும் பார்த்தால், செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டுங்கள்.